கிண்ணம் வைக்குமுன் கேட்க வேண்டியவை



சில ஆண்டுகளாக நம் கடற்கரையில் ஒரு காட்சியைக் கண்டு வருகிறோம். மாலை வேளையில் கரையோரம் நடந்து செல்லும்போது, சட்டையின்றி அமர்ந்து வலை பழுது பார்க்கும் ஆடவருள் சிலருடைய முதுகில் ஐந்தாறு வட்ட வடுக்கள் தென்படுகின்றன. ஒவ்வொன்றும் தேநீர்க் குவளையின் வாயளவு; நிறமோ நாவற்பழத்தின் நிறம். துறைமுகத்தில் மூட்டை சுமப்போர், உப்பளத்தில் உப்பு வாருவோர், இரவெல்லாம் லாரி ஓட்டுவோர் ஆகியோரிடமும் இவ்வடுக்களைக் காண்கிறோம். "என்னப்பா இது?" என்று வினவினால், "கப்பிங் வச்சேன் சாமி, இடுப்பு வலிக்கு" என்பது விடை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் நம்மை நிறுத்திக் கேட்போரும் பெருகி விட்டனர். "அம்மாவுக்கு முழங்கால் வலி, கிண்ணம் வைக்கலாமா?" என்பார் ஒருவர். "சர்க்கரைக்கும் நல்லதுன்னு சொல்றாகளே, மெய்தானா சாமி?" என்பார் மற்றொருவர். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் மருத்துவர் சிலரை அணுகிக் கேட்டும், நம்பத்தக்க நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை இம்மாதம் இப்பக்கத்தில் எழுதத் துணிந்தோம். இதனை எழுதுவதற்கு நம் மனத்தை உறுத்தும் வேறொரு காரணமும் உண்டு. அதனை இடையில் கூறுவோம்.

புதியது அன்று, பழையதே

கிண்ணம் வைத்து உறிஞ்சும் இம்முறை சீனாவிலிருந்து நேற்று வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். சீனர்கள் இதனைப் பன்னூறு ஆண்டுகளாகக் கையாண்டு வருவது உண்மையே. 1973-ஆம் ஆண்டில் அந்நாட்டின் சாங்ஷா நகருக்கு அருகே, கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் தோண்டியபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. விலங்கின் கொம்பை உடலில் வைத்து உறிஞ்சும் முறை அவற்றில் கூறப்பட்டுள்ளது. ஆனால் நம் நாட்டுச் சுசுருத சங்கிதையும் கெட்ட குருதியை வாங்குவதற்குக் கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை ஆகிய மூன்றையும் கூறுகின்றது. சுரைக்குடுக்கையின் உள்ளே தீபச் சுடரை இட்டு உடலில் பொருத்தும் முறையும் அதில் உண்டு. நம் சித்த மருத்துவத்தின் புறமருந்துகள் முப்பத்திரண்டு. அட்டை விடல், உறிஞ்சல், குருதி வாங்கல் ஆகியவை அந்த வரிசையில் இடம் பெறுவன. நம் அண்டை வீட்டு இசுலாமியச் சகோதரர்கள் இதனை ஹிஜாமா என்று வழங்குகின்றனர். யுனானி மருத்துவம் இதனை ஒழுங்குபடுத்திக் கற்பிக்கின்றது. 2016-இல் ரியோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டுகளில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்சின் தோளில் இவ்வட்ட வடுக்களை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன்பின் இம்முறைக்குப் பட்டிதொட்டியெல்லாம் பெயர் பரவிற்று.

ஆகவே பழமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பழமை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. கிணற்று நீரைக் காய்ச்சாமல் குடிப்பதும் பழமையான வழக்கமே அன்றோ?

செயற்படும் விதம்

கிண்ணத்தினுள் உள்ள காற்றைக் குறைத்தால் வெளியழுத்தம் மிகுந்து, தோல் கிண்ணத்திற்குள் புடைத்து எழும்புகிறது. காற்றைக் குறைப்பதற்கு இரு வழிகள் உள. சாராயத்தில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி, கண்ணாடிக் கிண்ணத்தினுள் ஒரு நொடி சுழற்றி எடுத்து, உடனே உடலில் கவிழ்ப்பது ஒன்று. பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பொருத்தி, சிறு கைப்பம்பினால் காற்றை வெளியேற்றுவது மற்றொன்று. தோலைக் கீறாமல் வைப்பது உலர் முறை. தோலில் மெல்லக் கீறி, மீண்டும் கிண்ணம் வைத்துச் சிறிது குருதியை வெளியேற்றுவது ஈர முறை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை வாசகர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். ஏனெனில் தோல் கீறப்பட்ட அக்கணமே அது ஒரு சிறு அறுவைச் சிகிச்சையாகி விடுகிறது.

இவ்வுறிஞ்சலை விளங்கிக்கொள்வதில் நம் குளியாளிகளுக்கு ஈடானவர் இல்லை. கண்ணாடி முகமூடி அணிந்து கடலில் இறங்குவோர், ஆழம் செல்லச் செல்ல மூக்கு வழியாகச் சிறிது காற்றை முகமூடிக்குள் விட வேண்டும். அதை மறந்தால் வெளியில் நீரின் அழுத்தம் கூட, உள்ளே அடைபட்ட காற்று சுருங்கி, முகமூடியே முகத்தைப் பற்றி இழுக்கத் தொடங்கும். மேலே வந்து முகமூடியைக் கழற்றினால் கண்கள் செக்கச் சிவந்து, கன்னம் கருத்திருக்கும். முகமூடி முகத்திற்குச் செய்ததையே கிண்ணம் முதுகுக்குச் செய்கிறது. தோலின் அடியில் உள்ள மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் வெடித்து, குருதி கசிந்து உறைகிறது. வட்ட வடு என்பது அதுவே. "வடு கறுப்பாக இருந்தால் உள்ளே நஞ்சு அதிகம்" என்று சிலர் கூறுவது சரியன்று. அழுத்தம் மிகுந்திருந்தால், அல்லது நேரம் நீண்டிருந்தால், நல்ல உடம்பிலும் வடு கறுக்கும். ஒரு வாரத்தில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் அது தானே மறையும்.

பயன் எவ்வளவு?

உள்ளதை உள்ளவாறு கூறுவோம். கழுத்து வலி, முதுகு வலி ஆகியவற்றில் இம்முறை சிலருக்குச் சில நாள் ஆறுதல் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வாய்வுகளிற் பல சிறியவை. கிண்ணம் வைத்ததை நோயாளி உணராதபடி மறைத்துச் சோதிப்பதும் எளிதன்று. ஆதலின் மருத்துவ அறிஞர் இதனை உறுதியான சான்று என ஏற்பதில்லை. ஆனால் நீரிழிவு, இரத்த அழுத்தம், புற்றுநோய், மகப்பேறின்மை, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றைக் கிண்ணம் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கிண்ணம் வைத்த தைரியத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திய ஒரு தாயார் நம் பங்கிலேயே மயங்கி விழுந்ததுண்டு. வலிக்கு ஆறுதல் என்று செய்துகொள்ள விரும்புவோரைத் தடுப்பது நம் நோக்கமன்று. மருந்தை நிறுத்திவிட்டு இதனை நம்புவோரைத் தடுப்பது நம் கடமை.

ஒரு குளியாளியின் கதை

முன்னே குறித்த காரணத்தை இனிக் கூறுகிறோம்.

நம் கடலில் முத்துக் குளிக்கும் தொழில் பன்னெடுங்காலம் நடந்தது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடைபெற்ற முத்துக் குளிப்பே இறுதியானது. அதன்பின் முத்துப்பார்களில் சிப்பி பெருகவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். ஆனால் கடலடியில் இறங்கி முத்தெடுக்கும் தொழில் முடிந்து போயிற்று. எஞ்சியது சங்கு குளித்தல். நம் முன்னோர் காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மூச்சை அடக்கி, துணையாள் கயிற்றை இழுக்க மேலே வந்தனர். அவர்களுடைய பகை சுறாவும் மூச்சுத் திணறலும். இக்காலத்தில் சிலர் படகில் வைத்த கம்ப்ரசர் எந்திரத்திலிருந்து நீண்ட ரப்பர்க் குழாய் வழியே காற்றைச் சுவாசித்துக்கொண்டு, கடலடியில் மணிக்கணக்காகத் தங்குகின்றனர். இதனால் சங்கு மிகுதியாகக் கிடைக்கிறது; முன்னோர் பெரிதும் அறிந்திராத ஒரு பகையும் உடன் வருகிறது.

ஏறக்குறைய ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும், கரையில் நாம் தாங்கும் காற்றழுத்தத்தின் அளவு மேலும் ஒரு மடங்கு கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் அது மும்மடங்கு. அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் குருதியிலும் கொழுப்பிலும் கரைந்து தங்குகிறது. மெல்ல மேலே வந்தால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல உடலினுள்ளேயே குமிழிகள் பொங்கும். மூட்டில் குமிழி தங்கினால் தோளும் முழங்காலும் வலிக்கும். தண்டுவடத்தில் தங்கினால் கால்கள் மரத்து விழும். ஹால்டேன் என்னும் அறிஞர் 1908-லேயே இதற்கு மேலேறும் அட்டவணை வகுத்துக் கொடுத்தார். மூச்சடக்கிக் குளிப்போர்க்கு இந்நோய் அரிது. ஆயினும் பசிபிக் கடலின் துவாமோத்துத் தீவுகளில் ஓய்வின்றி மீண்டும் மீண்டும் முழுகிய முத்துக் குளிப்போரிடையேயும் இதனை ஒத்த நோய் காணப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், சங்கு குளிக்கும் இளைஞர் ஒருவரைக் கரையில் சந்தித்தோம். மனைவியும் இரு குழந்தைகளும் உடையவர். இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகிலும் தோளிலும் புதிய வட்ட வடுக்கள். "என்ன தம்பி, தோளுக்கு என்ன?" என்றோம். "வாயுப் பிடிப்பு சாமி. காலையில கடல்ல இருந்து வந்ததும் புடிச்சுது. கிண்ணம் வச்சேன், கொஞ்சம் எறங்கியிருக்கு" என்றார். "பார்த்து நடந்துகொள்" என்று சொல்லி, நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு அகன்றோம். அன்று காலை அவர் எத்தனை பாகம் இறங்கினார், எத்தனை முறை இறங்கினார், எவ்வாறு ஏறினார் என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியவுமில்லை.

இரவில் அவருடைய கால்கள் மரத்தன. சிறுநீர் பிரியவில்லை. குளிர்ச்சியினால் வந்தது என்று எண்ணி, வீட்டார் மறுநாள் காலையில் மீண்டும் கிண்ணம் வைக்கச் செய்தனர். மாலையில்தான் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். அங்கிருந்து அழுத்த அறை உள்ள தொலைவான ஊருக்கு அனுப்பினர். உயிர் பிழைத்தார். இன்று கோல் ஊன்றி நடக்கிறார். கடலில் இறங்குவதில்லை. "முதல் நாள் மாலையே பிராணவாயு கொடுத்துச் சிகிச்சையைத் தொடங்கியிருந்தால், இன்னும் மேலான பலன் கிடைத்திருக்கக் கூடும்" என்று மருத்துவர் நம்மிடம் கூறியபோது நாம் தலை குனிந்தோம்.

கிண்ணம் அவரை நோயாளி ஆக்கவில்லை. அது தந்த சிறிது ஆறுதல், அவருக்கு மிகவும் தேவையாயிருந்த நேரத்தைத் தின்றுவிட்டது. கிண்ணம் தோலையும் அதன் அடியில் உள்ள சதையையும் மட்டுமே இழுக்கும். தண்டுவடத்தில் தங்கிய குமிழியை அது எட்டாது.

ஆதலின் குளியாளிகளின் குடும்பங்களுக்கு நம் முதல் வேண்டுகோள் இதுவே. குழாய்க் காற்றைச் சுவாசித்துக் கடலில் இறங்கியவருக்கு, அன்றோ மறுநாளோ மூட்டு வலி, உடல் மரத்தல், தலைச்சுற்றல், மிகுந்த சோர்வு, தோலில் புள்ளிகள், மூச்சுத் திணறல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அது கடலால் வந்த நோய் என்றே முதலில் கொள்ளுங்கள். கிண்ணம் வேண்டாம், எண்ணெய் தேய்த்துப் பிசைதலும் வேண்டாம், மது வேண்டாம். மீண்டும் கடலில் இறக்கிச் சரி செய்யும் முயற்சியும் வேண்டாம். அதில் உயிரிழந்தோர் உண்டு. படுக்க வைத்து, 108 ஊர்தியை அழைத்து, பிராணவாயு வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். "இவர் குழாய் போட்டுக் குளித்தவர், இத்தனை பாகம், இத்தனை நேரம்" என்பதைத் தவறாது கூறுங்கள். கூறாவிடில் மருத்துவரும் அறிய இயலாது.

எவரெவர் தவிர்க்க வேண்டும்?

இனி மற்றக் குடும்பங்களுக்கு. பின்வருவோர் கிண்ணம் வைத்துக்கொள்ளுதல் ஆகாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் தம்மைப் பார்க்கும் மருத்துவரின் ஒப்புதலின்றி வைத்தல் ஆகாது.

முதலாவது, குருதி உறையாத நோய் உடையோரும், குருதி உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோரும். இதய அறுவை செய்துகொண்டோர், இதயக் குழாயில் வளையம் பொருத்தப்பட்டோர் ஆகியோரிற் பெரும்பாலோர் அஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை உட்கொள்கின்றனர். இவர்களுக்குச் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். மாத்திரையின் பெயர் தெரியாவிடில் மருந்துச் சீட்டையே கையில் எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, கருவுற்ற தாய்மார். வயிற்றிலும் இடுப்பிலும் அறவே கூடாது.

மூன்றாவது, நீரிழிவு நோயாளர். நெடுநாள் சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய தோல், சூட்டையும் காயத்தையும் தெரிவிக்காது. காயம் ஆறுவதும் தாமதம். சீழ் பிடிப்பதும் எளிது.

நான்காவது, இரத்தச் சோகை உடையோர். நம் பெண்களிடையே இது மிகுதி. மாதந்தோறும் குருதி வாங்கிக்கொண்டு சோகை முற்றியோரைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியுள்ளன.

ஐந்தாவது, சிறு குழந்தைகள், மெலிந்த முதியோர், வலிப்பு நோயுடையோர், முற்றிய இதய நோயுடையோர், இதயத்துடிப்புக் கருவி பொருத்தப்பட்டோர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், கடுங்காய்ச்சல் உடையோர்.

உடலின் இடமும் முக்கியம். கண், காது, வாய், தொண்டை, பெரிய நாடி ஓடும் இடம், புடைத்த நரம்பு, எலும்பு முறிந்த இடம், படை சொறி உள்ள இடம், ஆறாத புண், வெயிலில் வெந்த தோல் ஆகியவற்றின்மீது கிண்ணம் வைக்கலாகாது. நாள் முழுதும் வெயிலில் நிற்கும் உப்பளத் தொழிலாளருக்கு இக்கடைசி எச்சரிக்கை சிறப்பாக உரியது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது குழாயினுள் குருதி உறைந்ததாக இருக்கலாம். அதன்மீதும் கிண்ணம் வைத்தல் கேடு தரும்.

வைக்கும்போது கவனிக்க வேண்டியவை

நெருப்புக் கிண்ணத்தில் நேரும் தீங்குகளில் முதன்மையானது தீப்புண். பஞ்சில் சாராயம் சொட்டச் சொட்ட இருந்தாலும், சுடர் கிண்ணத்தின் விளிம்பில் பட்டாலும், எரியும் துளி முதுகில் விழுந்தாலும் புண் உண்டாகும். சாராயப் புட்டியைத் திறந்து அருகில் வைத்தல் கூடாது. தலைமயிர், நைலான் சேலை, மின்விசிறிக் காற்று ஆகியவை அருகில் இருத்தல் ஆகாது. கைப்பம்பு உள்ள கிண்ணத்தில் தீ அச்சமில்லை. ஆயினும் மிகுதியாக இழுத்தால் கொப்புளம் எழும். முதன்முறை வைத்துக்கொள்வோர்க்கு மெல்லிய இழுப்பும், ஐந்து நிமிட நேரமும் போதுமானவை. எவருக்கும் பத்து நிமிடத்திற்கு மேல் வைப்பதால் நன்மையை விடத் தீமையே மிகும். கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய்ப் பேசிக்கொண்டிருப்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். எரிச்சல் தோன்றினால் அடக்கிக்கொண்டு கிடவாமல் உடனே சொல்லுங்கள். எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்காமல், ஓரத்தில் தோலை விரலால் அழுத்திக் காற்றை உள்ளே விட்டால் கிண்ணம் தானே கழலும்.

வெறும் வயிற்றோடும், களைத்து வியர்த்த உடம்போடும் போகலாகாது. சிலருக்கு மயக்கம் வரும். உட்கார்ந்த நிலையில் மயங்கி விழுந்து தலையில் அடிபடுவதை விடப் படுத்த நிலையில் வைத்துக்கொள்வதே நன்று.

ஈர முறையில் இன்னும் பெரிய எச்சரிக்கை தேவை. குருதி வழியே பரவும் நோய்கள் மூன்றை நாம் மறத்தலாகாது: மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. இவற்றுள் ஹெபடைட்டிஸ் பி கிருமி, உலர்ந்துபோன குருதித் துளியிலும் ஏழு நாள் வரை உயிர்த்திருக்கக் கூடியது. கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றும் கிண்ணமும் கத்தியும் தூய்மையானவை என்று சொல்வதற்கில்லை. ஆகவே கீறும் கத்தி நம் கண்முன் உறையைக் கிழித்து எடுக்கப்பட வேண்டும். பயன்பட்டபின் கெட்டியான பெட்டியில் எறியப்பட வேண்டும். குருதி பட்ட கிண்ணம் மற்றொருவருக்குப் பயன்படலாகாது. செய்பவர் கையுறை அணிய வேண்டும். குருதி தோய்ந்த பஞ்சைத் தெருக் குப்பையிலோ கடற்கரை மணலிலோ எறிவது, அங்கு விளையாடும் குழந்தைக்கும் குப்பை அள்ளும் ஏழைக்கும் நாம் செய்யும் அநீதி. வீட்டில் பழைய சவர அலகினால் தாமே கீறிக்கொள்வதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். பின்னர் இரத்ததானம் செய்ய நேர்ந்தால், ஈர முறை செய்துகொண்ட நாளை அங்குள்ளோரிடம் மறையாது கூறுங்கள்.

செய்துகொண்ட பின், கீறிய இடத்தைத் தூய துணியால் மூடி, ஒரு நாள் கடல் நீரும் உப்பள நீரும் படாமல் காத்துக்கொள்ளுங்கள். சிவப்பு படர்தல், சூடு, சீழ், காய்ச்சல், நில்லாத கசிவு, பெரிய கொப்புளம் ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்க வேண்டாம். கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம்.

யாரிடம் செல்வது?

இணையப் படக்காட்சியைப் பார்த்துப் பழகியவரும், மூன்று நாள் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவரும், திருவிழாக் கூட்டத்தில் கூடாரம் அடிப்பவரும் இன்று கிண்ணத்தோடு நிற்கின்றனர். நம் மாவட்டத்திற்கு அருகிலேயே பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. சென்னையில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி உள்ளது. முறையாகப் பயின்று, பட்டம் பெற்று, பதிவு செய்துகொண்ட மருத்துவர்கள் இருக்கையில், முன்பின் அறியாதவரிடம் முதுகைக் காட்டுவானேன்?

நல்ல மருத்துவர் கிண்ணத்தை எடுக்குமுன் உங்களைக் கேள்வி கேட்பார்: வேறு என்ன நோய்? என்ன மாத்திரை? கருவுற்றிருக்கிறீர்களா? வலி எப்போது, எவ்வாறு தொடங்கிற்று? இக்கேள்விகளைக் கேளாமல் "படுங்க, சரியாப் போயிரும்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

நெஞ்சு அடைத்து, இடது தோளுக்கும் தாடைக்கும் வலி பரவி வியர்த்தால் அது வாயு என்று எண்ணாதீர்கள், மாரடைப்பாக இருக்கலாம். வாய் கோணி, ஒரு கை சோர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். மூளையின் அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் கொடுத்தாக வேண்டும். இவ்வேளைகளில் கிண்ணம் வைக்க உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரவும் பகலும் திறந்திருப்பது இத்தகைய வேளைகளுக்காகவே.

சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரத்தை இம்மாதம் ஒருநாள் மாலைச் செபத்தின்போது வீட்டில் வாசியுங்கள். அங்கே மன்றாட்டும் மருத்துவரும் ஒன்றையொன்று பகைக்கவில்லை. அன்று கரையில் ஆசி அளித்ததோடு நிறுத்திக்கொண்ட நாம், அதனைக் காலந்தாழ்த்தி உணர்ந்தோம்.

அவ்விளைஞர் இப்போது கரையில் ஒரு சிறு தேநீர்க் கடை வைத்திருக்கிறார். கடலிலிருந்து வரும் பையன்கள் அங்கே அமர்வதுண்டு. எவனாவது தோளைத் தேய்த்தால் அவர் தேநீரை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "லேய், இன்னைக்குக் கடல்ல எறங்கினியா? எத்தனை பாகம்? எப்படி ஏறின?" என்று கேட்கிறார். சென்ற ஆண்டு அப்படிக் கேட்டு ஒருவனை அக்கணமே மருத்துவமனைக்கு அனுப்பினார். அவன் மூன்றாம் நாள் நடந்தே வீடு திரும்பினான்.

அவர் கேட்கும் அக்கேள்வியை நம் ஒவ்வொரு வீடும் கற்றுக்கொள்ளட்டும். கிண்ணம் வைப்பவரும் கேட்கட்டும். வைத்துக்கொள்பவரின் மனைவியும் தாயும் கேட்கட்டும். இனி நாமும் கேட்போம்.

உங்கள் நலம் நாடும்,
பங்குத் தந்தை